பத்தில் ஒன்று நல்ல காசு

எங்கள் நகைக்கடை ஊழியர் சங்கத்தில் இந்த ஆண்டு மலர் போடுகிறார்கள். "போலிக் காசு வாங்கி ஏமாறாம இருக்கறது எப்படின்னு பத்து குறிப்பு எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். சிதம்பரத்தில் ஒரு நகைக்கடையில் இருபத்தெட்டு வருஷம் காசு சோதிக்கும் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத தகுதி ஒன்றும் எனக்கு உண்டு. ஒரு போலிக் காசு வியாபாரி தன் சரக்கை விற்க என் கையெழுத்தைத்தான் காட்டினான். ஆகவே இந்தத் தொழிலில் எனக்கு இரண்டு பக்கத்து அனுபவமும் இருக்கிறது.

பத்துக் குறிப்பு என்னால் ஆகாது. நடந்ததைச் சொல்கிறேன். மீன் முள்ளைத் தள்ளிவிட்டுச் சதையைச் சாப்பிடத் தெரிந்த மாவட்டம் நம்முடையது. குறிப்பு வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

இப்போது கடைக்கு எந்திரம் வந்துவிட்டது. காசை உள்ளே வைத்து மூடினால் அரை நிமிஷத்தில் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று திரையில் காட்டுகிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். அந்த மேசையில் இருக்கும் பையன் என் மோதிரத்தை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க மோதிரத்துல தங்கம் நூத்துக்கு எண்பத்தி நாலுதான் காட்டுது" என்றான். அது என் மாமனார் போட்ட மோதிரம். இருபத்தெட்டு வருஷம் ஊர்த் தங்கத்தையெல்லாம் உரசிய நான் அதை ஒரு தடவைகூட உரசிப் பார்த்ததில்லை. சீராக வந்த தங்கத்தை உரசக்கூடாது என்பது நம் பக்கத்து மரியாதை. மாமனாருக்கு அந்த மரியாதை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. பி.எஸ்.சி.யில் கெமிஸ்ட்ரி மட்டும் நின்றுபோனது. கெமிஸ்ட்ரியில் தோற்றவனை ஆசிட் பாட்டிலோடு உட்கார வைத்தது எங்கள் முதலாளியின் துணிச்சல். முதல் வருஷம் நகைப்பெட்டி கட்டினேன். இரண்டாம் வருஷம் உரைகல்லில் கோடு போட்டேன். மூன்றாம் வருஷம் வலது கைக் கட்டைவிரல் மஞ்சளாகி, சாப்பாட்டில் உப்பு போட்டால் எரிந்தது. அவ்வளவுதான், பயிற்சி முடிந்தது.

சோதனைப் பிரிவுக்குத் தலைமை ஸ்டெல்லா மேடம். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன்காரர். எனக்கு நின்றுபோன கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்.சி. முடித்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நாங்கள் தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

மேடத்தின் முறை இது. காசு வந்ததும் முதலில் எடை. பிறகு அதன் விட்டத்தையும் கனத்தையும் அளப்பது. ஒரு பவுன் காசு எட்டு கிராம், அதற்கென்று ஒரு கனம் உண்டு. பித்தளையில் அதே எடைக்குக் காசு அடித்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடித்துப்போகும். அதே கனத்துக்கு அடித்தால் எடை பாதியாகிவிடும். திருடன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்து ஏமாற்ற முடியாது. அடுத்தது தண்ணீர். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்க வேண்டும். நல்ல பவுன் காசென்றால் தராசு அரை கிராமுக்குக் கொஞ்சம் கீழே காட்டும். அதே எடைப் பித்தளையென்றால் ஒரு கிராமை நெருங்கிவிடும். அதன் பிறகுதான் கல், ஆசிட் எல்லாம். "எந்திரமானாலும் கல்லானாலும் தோலைத்தான் பாக்கும். தண்ணிதான் வயித்தைப் பாக்கும்" என்பார்.

எல்லாம் முடிந்ததும் சீட்டு. அந்தச் சீட்டில் எத்தனை காசு சோதித்தோம் என்று எண்ணும் எழுத்துமாகப் போட வேண்டும். காசைச் சீட்டுக்கு அடியில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பென்சிலால் தேய்த்து, அதன் இரண்டு பக்க அச்சையும் எடுக்க வேண்டும். எந்தக் காசுக்கு எழுதினோம் என்பது சீட்டிலேயே இருக்கும்.

எனக்கு அந்தப் பென்சில் வேலை அவமானமாக இருந்தது. மீசை நரைத்தவன் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து பென்சில் தேய்ப்பதா என்று நினைப்பேன். அதைவிட, என் கையெழுத்துக்கு இடம் போதாது. என் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கு"வில் தொடங்கி, மேலே ஏறி, ஒரு வட்டம் போட்டு, கீழே இறங்கி, மயில் தோகை மாதிரி விரிந்து நிற்கும். பத்தாம் வகுப்பிலிருந்து பழகியது. அந்தத் தோகைக்கு முன்னால் பென்சில் கறையா?

மேடத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. "முதல்ல காசு பேசட்டும். அப்புறம் ஆள் பேசட்டும்." காசோடு வருகிற எல்லோரும் ஒரு கதையோடுதான் வருவார்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சோதித்தால் கை நடுங்கும். ஆகவே சோதிக்கும்வரை எதையும் கேட்காதே, சோதித்தபின் எல்லாவற்றையும் கேள். இதில் முதல் பாதி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. கேட்காமல் இருப்பதைப்போல் சுலபமான வேலை உண்டா?

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு மத்தியானம். மேடம் சாப்பிடப் போயிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். செல்வி என்று பெயர். கடலூர் ஓ.டி. பக்கம் மீனவக் கிராமம், துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு பழைய பவுன் காசை வைத்தார். ராஜா தலை போட்ட வெள்ளைக்காரன் காலத்துக் காசு.

"நல்லதான்னு பாரு சார். நல்லா பாரு."

நல்லாகவே பார்த்தேன். எடை சரி, கனம் சரி. தண்ணீரில் முக்கினேன், சரி. கல்லில் கோடு பளிச்சென்று விழுந்தது, ஆசிட் விட்டும் அசையவில்லை. அசல் தங்கம், நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்று புள்ளி ஆறு. சீட்டை எடுத்து "நல்ல காசு" என்று எழுதி, தோகையை விரிக்கத் தொடங்கினேன்.

"மீதியும் இதே மாதிரிதான சார் இருக்கும்?" என்றார் அவர்.

தோகையின் மூன்றாவது வளைவில் இருந்தேன். அந்த வளைவில் கவனம் சிதறினால் கையெழுத்தே கெட்டுவிடும். தலை நிமிராமல் சொன்னேன்: "இதே மாதிரி இருந்தா இதே மாதிரிதான்மா இருக்கும்."

அந்த வாக்கியத்தை நான் பல ராத்திரி திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இலக்கணப்படி தப்பே இல்லாத வாக்கியம். செல்வி சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஏலம் முடிஞ்ச கையோட வாங்கிடறேன். பொண்ணு கல்யாணத்துக்கு சார்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் பெரிய மனதோடு கும்பிட்டேன்.

மேடம் வந்தார். சீட்டின் நகலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பென்சில் எங்க குமாரு?"

"அவசரத்துல விட்டுப்போச்சு மேடம்."

"எத்தனை காசுன்னு எழுதலையே."

"ஒண்ணுதான் மேடம் கொண்டாந்தாங்க."

"எத்தனை வாங்கப் போறாங்க?"

அப்போதுதான் எனக்கு அந்த "மீதி" காதில் விழுந்தது. பதினைந்து நிமிஷம் தாமதமாக. நடந்ததைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமான கண்ணாடியைப் பார்த்ததில்லை.

"எவனோ ஒரு அசலைக் குடுத்து, போய்ச் சோதிச்சுட்டு வான்னு அனுப்பியிருக்கான். கடலூர்க் கடைங்கள்ல அவுங்களைத் தெரியும், ஏது எங்கேருந்துன்னு கேள்வி கேப்பாங்க. அதனால இங்க அனுப்பியிருக்கான். மீதிக்கும் உன் சீட்டுதான் ஜாமீன். ஒருவேளை எல்லாமே அசலா இருந்தாலும் அது மண்ணுல கிடைச்ச புதையல்னா அரசாங்கத்துது, வாங்கினா கேஸு. ரெண்டு பக்கமும் அந்தம்மாவுக்குத்தான் அடி."

"இப்பவே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடறேன் மேடம்."

ஓடினேன். கடலூர் பஸ் ஒன்று புகையை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. செல்விக்குப் போன் நம்பர் வாங்கவில்லை. திரும்பி வந்தபோது மேடம் சொன்னார்: "நாளைக்குக் காலையில கடைக்கு வராத. நேரா துறைமுகத்துக்குப் போ."

"லீவா மேடம்?"

"டூட்டி."

"தராசும் கல்லும் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"கடைச் சாமான் வெளியே போகாது. நீ மட்டும் போ. உன் சட்டை கொஞ்சம் நாறட்டும்."

என் வீடு கடலூர் செம்மண்டலத்தில். காலையில் வழக்கம்போல் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். மீன் ஏலத்துக்கு வெள்ளைச் சட்டையில் போகிறவனை வீட்டில் யாரும் தடுக்கவில்லை. என் மனைவி வாசல்வரை வந்து, "வஞ்சிரம் கெடைச்சா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

துறைமுகத்தில் கால் வைத்த மூன்றாவது அடியில் வழுக்கினேன். ஐஸ் தண்ணீரும் மீன் செதிளுமாகக் கிடந்த தரையில் உட்கார்ந்த நிலையிலேயே நாலடி பயணம் செய்து, ஒரு இறால் கூடையில் முட்டி நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே செல்வி. அவர் பக்கத்தில் அவருடைய நாத்தனார் அஞ்சலை. ஐஸ் பெட்டிமேல் சட்டை கசங்காமல் ஒரு ஆள். பெயர் மூர்த்தி என்று பிறகு தெரிந்தது. பழைய வீடு இடிக்கிற மேஸ்திரி, அஸ்திவாரத்தில் காசுக் கலயம் கிடைத்தது, கடைக்குப் போனால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும், அதனால் பாதி விலை. இதுதான் அவன் கதை. அவன் மடியில் ஒரு துணிப் பை, செல்வியின் மடியில் ஒரு துணிப் பை. இரண்டும் இன்னும் கை மாறவில்லை.

"என்னா சார் இங்க?" என்றார் செல்வி.

நான் வாயைத் திறப்பதற்குள் மூர்த்தி எழுந்து என்னைத் தூக்கிவிட்டான். முதுகில் ஒட்டியிருந்த செதிளையும் தட்டிவிட்டான். நல்ல பழக்கவழக்கம் உள்ள திருடன்.

"வாங்க சார். நல்ல நேரத்துல வந்தீங்க. அக்கா, அந்தச் சீட்டைக் காட்டுங்க. சார், இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா."

"நல்ல காசுன்னு எழுதினது நீங்கதான?"

"ஆமா, ஆனா..."

"பாத்துக்கங்க அக்கா. இவ்ளோ அழகா யாராவது பொய்க் கையெழுத்து போட முடியுமா?"

சுற்றி நின்ற பெண்கள் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக என் தோகையைப் பத்துப் பேர் ரசித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

"அம்மா, அந்த ஒரு காசு நல்லது. மீதி எனக்குத் தெரியாது. சோதிக்காம வாங்காதீங்க" என்றேன்.

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து நல்லதுன்ன. இன்னிக்குத் தெரியாதுங்கற. கமிஷனுக்கு வந்தியா சார்?"

"கமிஷன் இல்லம்மா."

அஞ்சலை சிரித்தார். "பாவம்டி, சட்டையைப் பாரு. கமிஷன் வாங்கற ஆளு மாதிரியா இருக்குது? இறாலுக்கு வெலை கேக்க வந்த மாதிரி இருக்குது."

மூர்த்தியின் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பார்த்தேன். அச்சு அதே, அளவு அதே, பளபளப்பு அதே. கையில் வைத்ததும் தெரிந்துவிட்டது. காற்றடைத்த பூரி மாதிரி இருந்தது. ஆனால் என் கைக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? நேற்றும் இதே கைதான். செல்வியின் மடியில் இருந்தது வருஷக்கணக்காக ஐஸில் கை மரத்துச் சேர்த்தது. அதை என் வாய்ச் சொல்லுக்காக அவர் ஏன் நிறுத்த வேண்டும்? அவர் கண்ணே பார்க்க வேண்டும்.

"தராசு இருக்கா?" என்றேன். மீன் நிறுக்கிற தராசைக் கொண்டுவந்தார்கள். காசை வைத்தேன். அது கிலோக்கணக்கில் பழகிய தராசு. பவுன் காசை அது ஆளாகவே மதிக்கவில்லை.

மூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, எனக்கு வேற ஆளுங்களும் கேக்கறாங்க."

தரையில் துடைப்பம் ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். "கொஞ்சம் நூல் வேணும்" என்றேன். செல்வி வலை நரம்பு கொஞ்சம் கொடுத்தார். ஈர்க்கின் நடுவில் முடிச்சுப் போட முயன்றேன். நரம்பு வழுக்கியது, முடிச்சு விழவில்லை. மூன்று தரம் பார்த்துவிட்டு அவர் பொறுமையிழந்து என் கையிலிருந்து பிடுங்கினார்.

"இன்னா கட்டணும்னு சொல்லு. கட்டறேன்."

"நடுவுல ஒண்ணு. ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு காசு. ஒரு பக்கம் நேத்து நான் பாத்த காசு. மறு பக்கம் இவர் பையிலேர்ந்து ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரின்னா குச்சி நேரா நிக்கணும்."

பத்து எண்ணுவதற்குள் கட்டி முடித்து, நடுமுடிச்சைப் பிடித்துத் தூக்கினார். நேற்றைய காசு கீழே தாழ்ந்தது, மூர்த்தியின் காசு வானத்தைப் பார்த்து ஏறியது. ஈர்க்கு கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றது.

மூர்த்திதான் முதலில் சிரித்தான். "தொடப்பக்குச்சி அக்கா. ஒரு பக்கம் தடிமன் ஜாஸ்தி இருக்கும். இதை வெச்சா தங்கம் பாப்பாங்க?"

நான் குச்சியின் இரண்டு முனையையும் பார்த்தேன். குச்சிக்கு ஒரு பக்கம் தடிமன்தானே? பதில் அஞ்சலைக்குத் தெரிந்தது. மீன்காரப் பெண்ணிடம் தராசைப் பற்றிப் பேசலாமா?

"அப்போ பக்கம் மாத்தித் தொங்க வுடுடி" என்றார். "தட்டுல கோளாறுன்னா மாத்தினா தெரிஞ்சுடும். தெனம் ஏலக்காரன்கிட்ட நாம பாக்கறதுதான."

செல்வி காசுகளை இடம் மாற்றிக் கட்டினார். தூக்கினார். இந்தப் பக்கமும் மூர்த்தியின் காசுதான் ஏறியது.

அத்தனை வருஷ மேசையில் எனக்குத் தோன்றாத சோதனை அது. வாய் பிளந்து நின்றேன். வாயில் ஈ போனதாக அஞ்சலை பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அது மிகை.

இரண்டாவது காசு ஏறியது. மூன்றாவது காசு ஏறும்போது மூர்த்திக்கு ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்த போன். "சிக்னல் இல்ல அக்கா, இதோ வரேன்" என்று எழுந்தான். போகிற போக்கில் கையை நீட்டி, "அந்த ஒண்ணை மட்டும் குடுங்க, சாமிக்கு வெச்சது" என்றான். செல்வி அசல் காசை முஷ்டிக்குள் வைத்து மூடினார். மீன் வெட்டுகிற கையின் முஷ்டி. மூர்த்தி அதைப் பார்த்தான், அஞ்சலையின் அரிவாள்மனையைப் பார்த்தான், நடந்தான், பிறகு பையைக்கூட எடுக்காமல் ஓடினான். நான் வழுக்கிய அதே இடத்தில் அவனும் வழுக்கினான். ஆனால் அவன் எழுந்திருப்பதில் என்னைவிடத் திறமைசாலி.

ஒன்பது காசையும் செல்வி விடாமல் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்பதும் ஏறின. கடைசிக் காசை அவிழ்த்ததும் தன் மடிப் பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு, "எம் பொண்ணு சார் இது" என்றார், பையைக் காட்டி.

பத்துக் காசையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனோம். "எது சார் நல்ல காசு?" என்றார் அங்கிருந்தவர், பத்தையும் மேசைமேல் கொட்டிவிட்டு. "சீட்டுல எந்தக் காசுன்னு இல்லையே. சீட்டு எழுதினவரும் நீங்க, துறைமுகத்துல அவன்கூட நின்னதும் நீங்க. அப்டி உக்காருங்க." உட்கார்ந்தேன். இறால் வாசனையோடு மூன்று மணி நேரம். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் ஆடு திருடியவன், அவனே தள்ளி உட்கார்ந்தான். மேடம் சிதம்பரத்திலிருந்து வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். "இவன் ஆள் நல்ல ஆள் சார். கையெழுத்துலதான் கொஞ்சம் தங்கம் ஜாஸ்தி."

மறுநாள் மேடம் திட்டவில்லை. என் மேசைமேல் ஒரு பென்சில் இருந்தது. சீவி வைத்திருந்தார். ஓய்வு பெறும்வரை நான் சோதித்த ஒவ்வொரு காசையும் தேய்த்தேன். கையெழுத்தை "கு" என்ற ஒரே எழுத்தாகச் சுருக்கிக்கொண்டேன்.

செல்வி மகளுக்குக் காசுகளை எங்கள் கடையிலேயே வாங்கினார், ஹால்மார்க் முத்திரை பார்த்து, ரசீதோடு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுக்கச் சொன்னார். அட்சய திருதியை நெருக்கடியில் பின்னால் நின்ற வரிசை தெருவரை போனது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பென்சிலைப் பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. மனைவியோடு போனேன். பரிசுக்கு ஐம்பது கிராம் வெள்ளிக் காசு ஒன்று வாங்கியிருந்தேன். எங்கள் கடைச் சரக்குத்தான், இருந்தாலும் நானே எடை பார்த்து, தண்ணீரில் முக்கி, மேடத்திடமும் ஒரு தடவை காட்டிவிட்டு, பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டினேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். கரையோரத்துச் சனம் முழுக்க வந்திருந்தது. மணமேடைக்குக் கீழே செல்வி பட்டுப்புடவையில் நின்றார். "வாங்க சார், வாங்கக்கா" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியை நீட்டினேன். அவர் அங்கேயே ரிப்பனை அவிழ்த்தார். காசை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்க்க, தலைக்கு மேலே கையை உயர்த்தி மண்டபத்து மார்பிள் தரையில் போட்டார்.

பரிசாக வந்த காசைக் கொடுத்தவன் எதிரிலேயே சோதிக்கிற கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சை நிறுத்தினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். மூன்று தடவை சோதித்த காசுதான். ஆனாலும் அது கையிலிருந்து தரைக்குப் போகிற நேரத்துக்குள், பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி பரீட்சை ஹாலில் வியர்த்த மாதிரி எனக்கு வியர்த்துவிட்டது.

காசு தரையில் பட்டு "ணிங்" என்று நீளமாக, தெளிவாகப் பாடியது. மூன்று தரம் துள்ளி, நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு, தவில்காரர் காலடியில் போய்ப் படுத்தது. அஞ்சலை அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். செல்வி அதை முந்தானையில் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"நல்ல காசு சார்" என்றார். "வாங்க, சாப்புடலாம்."